காலை ஷிப்ட்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை இயந்திரம் ஒன்றே ஒன்று. காலையில் அதை ஓட்டுவது அண்ணி. மதியத்துக்கு மேல் அவள் கொழுந்தன். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவள்தான். பதிவேட்டில் அவன் ஆபரேட்டர், அவள் உதவியாள். அவள் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு அவனுக்கு.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று சட்டம் இருப்பது தெரிந்ததும், தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அதிகாரி விசாரணைக்கு வரும் நாள் தெரிந்ததும் மேனேஜருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அன்று காலை ஏழு மணிக்கே கொழுந்தனை வரவழைத்தார். அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். அவள் ஓட்டுவதை அதிகாரி பார்க்காவிட்டால் மனு வெறும் காகிதம்.

கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதிகாரியம்மா நோட்டைத் திறந்தார். பெண்கள் இந்த இயந்திரத்தைத் தொடுவதே இல்லை என்றார் மேனேஜர்.

ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. மதிய ஷிப்டின் கைக்கு இயந்திரம் சூடாகத்தான் வரும். ராத்திரி முழுக்க இறுகிக் கிடந்த பசையை இளக்கி அதைக் கிளப்புவது காலை ஷிப்டின் பாடு. கொழுந்தன் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை.

சுவிட்சைப் போட்டான். இயந்திரம் உறுமியது, முதல் அட்டையைக் கடித்துக்கொண்டு நின்றது. மறுபடி போட்டான். மறுபடி நின்றது. சிக்கல் என்றால் ஒரே ஆளைக் கூப்பிட்டுப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

"யாருப்பா அண்ணி?" என்றார் அதிகாரி.

"கூட்டுறவங்க, மேடம்" என்றார் மேனேஜர்.

வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டி ஒன்றுகூடத் தயாராகவில்லை. மேனேஜர் அவளிடம் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் குனிந்து இயந்திரத்தின் அடியில் கூட்டினாள்.

"நான் கூட்டிட்டு இருக்கேன், சார்."

இன்னொரு ஹாரன்.

"வந்து ஓட்டும்மா. எப்பவும் நீதானே ஓட்டுற" என்றார் மேனேஜர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி.

துடைப்பத்தைச் சாய்த்து வைக்க இடமில்லை. மேனேஜரிடமே கொடுத்தாள். பசைத் தொட்டியைச் சூடாக்கினாள், உருளையைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள், காத்திருந்தாள். பிறகு சுவிட்ச். பெட்டிகள் வரிசையாக விழுந்தன.

அடுத்த மாதம் பதிவேட்டில் இருவருமே ஆபரேட்டர்கள். சம்பளமும் ஒன்று.

ஷிப்ட் மாறும்போது கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அண்ணி, காலையில அதக் கிளப்ப எனக்கும் சொல்லிக்குடுங்க."

"நாளைக்கு ஏழு மணிக்கு வா."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"மதியமே நல்லாத்தான் இருக்கு, அண்ணி."