நாக்பூரில் பார்த்தவர்

வேலை பார்க்கும் ஒருவரைப் பேட்டி எடுத்து, ஒரு விஷயம் உண்மைதான் என்று அவர் எப்படி முடிவு செய்கிறார் என்று எழுதிவர வேண்டும். கல்லூரியில் கொடுத்த வேலை இது. இதனால் எங்களுக்குச் சிந்திக்க வருமாம். நாரணாபுரத்திலிருந்து விருதுநகருக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறவளுக்குச் சிந்திக்கவா நேரமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டுதான் சிவகாசியில் ஒரு லாரி ஆபீஸுக்குப் போனேன்.

அதை நடத்துகிற சுகிர்தா அக்காவிடம், பட்டாசுப் பண்டல் காணாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“பாத்தேன் பாத்தேன்னு பத்துப் பேரு வருவாக. கண்ணால பாத்தீகளா, கேள்விப்பட்டீகளான்னு கேப்பேன். கேள்விப்பட்டேன்னா, யாருகிட்டன்னு கேட்டு அந்த ஆள்கிட்டப் போவேன். கண்ணால பாத்த ஆளு சிக்குற வரைக்கும் விட மாட்டேன்.”

எங்கள் வீட்டிலும் ஒருவர் காணாமல் போயிருந்தார்.

அப்பா லோடுமேன். எனக்குப் பதினொரு வயதில் ஹைதராபாத் லோடோடு போனவர் திரும்பவில்லை. சில மாதம் கழித்து, நாக்பூரில் ஒரு பட்டாசுக் கடையில் அவரைப் பார்த்ததாகப் பேச்சு வந்தது. ஒன்பது வருஷமாக அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பட்டாசு ஆலை வேலையை விட்டுவிட்டு வா என்று காரியாபட்டி மாமா கூப்பிட்டு அலுத்துவிட்டார். “அவரு வந்தா இந்த வீட்டுக்குத்தான வருவாரு” என்பாள். எங்காவது வெடித்தது என்று சேதி வந்தால் எனக்கு உயிரே போய்விடும். அவளை அந்த வெடிமருந்து அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். சுகிர்தா அக்கா வழியிலேயே, அப்பாவைக் கண்ணால் பார்த்த ஆளைத் தேடிக் கிளம்பினேன்.

அம்மாவிடம் சொன்னவர், அவளோடு வேலை பார்க்கும் வேலுச்சாமி பெரியப்பா. “நான் எங்க பாத்தேன்? தனுஷ்கோடி சொன்னான்” என்றார். டீக்கடை தனுஷ்கோடி சித்தப்பாவோ, “எம்மக மாரிச்செல்விதான் வந்து சொன்னா” என்றார். மாரிச்செல்வி என்னோடு படித்தவள். இப்போது தீப்பெட்டிக் கம்பெனியில் இருக்கிறாள். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“ஏய், நீதான்டி சொன்ன! ஆறாம் வகுப்புல. எங்கப்பா நாக்பூர்ல பட்டாசுக் கடையில இருக்காருன்னு.”

எல்லாம் நினைவுக்கு வந்தது. ஓடிப்போனவன் மகள் என்று கேலி பண்ணினார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது ஊரைச் சுற்றி அம்மாவிடம் வந்து, அவள் வாயால் எனக்கே நல்ல சேதியாகக் கிடைத்தபோது, நான் சொன்னது பலித்துவிட்டது என்று பூரித்துப்போனேன். பைத்தியக்காரி.

சாயங்காலம் வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“யாருமே பாக்கலம்மா. நான் சொன்ன பொய்தான். காரியாபட்டிக்குப் போயிருவோம்.”

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நாக்பூருன்னு ஒரு ஊரு இருக்குறது பதினோரு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா ஒனக்கு?”

எங்கள் ஊரில் எந்தப் பண்டலைப் பார்த்தாலும் மேலே நாக்பூர் மாதிரி ஏதாவது வடக்கத்தி ஊரின் பெயர் இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் வாசித்திருக்கும். அதைச் சொன்னால் போதும், நாளைக்கே மூட்டை முடிச்சைக் கட்டிவிடலாம். ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்பா வேண்டும்.

“அப்பாதான் சொல்லியிருப்பாரும்மா” என்றேன்.