என்ஜின் டிரைவர் பார்க்காத கடல்

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுகிறவர். மலை, பாலைவனம், கடற்கரை மூன்றையும் ஒரே பகலில் காட்டும் ரயில் அது. அதில் ஏற ஊர் உலகமெல்லாம் டிக்கெட் எடுத்துக் காத்துக் கிடக்கிறது. இவர் பதினெட்டு வருஷமாக அதைத்தான் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். சிக்னல் என்பார்.

இந்தத் தடவை லீவு போட வைத்து, பயணியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏறும் முன்பே சொல்லிவிட்டேன்: ரயிலைத் தவிர வேறு எதையாவது என்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் உங்களோடு எங்கேயும் வர மாட்டேன். மண்டையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை!

மலையில் அருவி வந்தது. பெட்டியே ஜன்னலில் அப்பிக்கொண்டது. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாலு நிமிஷம் லேட் என்றார். இறக்கம் வந்ததும் பிரேக் போடுகிற நினைப்பில், மடியிலிருந்த என் கைப்பையின் காதைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது வளைவில் காது கையோடு வந்துவிட்டது. புதுப் பை.

பாலைவனத்தில் மணல் மேடு மேடாக, ஆள் அரவமே இல்லாமல் கிடந்தது. அங்கே ஒட்டகம் பாருங்க என்றேன். தண்டவாளத்தில் மணல் ஏறியிருக்கும், இந்த டிரைவர் இவ்வளவு வேகமாகப் போகலாமா என்று எதிர் சீட்டுக்காரரிடம் விசாரித்தார். அந்த மனுஷர் பயந்துபோய்த் தண்ணீர் குடித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான். அது வரப்போகிற நேரம் பார்த்து, இங்கே முப்பதில்தான் போக வேண்டும், நாற்பதில் போகிறான் என்று எழுந்து வாசலுக்குக் கிளம்பினார். எனக்கு வந்ததே கோபம். சட்டையைப் பிடித்து இழுத்து, என் ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தேன்.

"ரயிலை ஓட்டுறவர் பார்த்துப்பார். நீங்க இந்தப் பக்கம் பாருங்க."

ரயில் வளைந்தது. ஜன்னல் நிறையக் கடல். அவர் கை அசையவில்லை. ஹாரன் அடித்தது, காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சின்னக் குரலில் கேட்டார்.

"இது எப்பவும் இங்கதான் இருக்கா?"

"இல்ல, உங்களுக்காக நேத்துதான் கொண்டுவந்து ஊத்தினாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஓட்டும்போது இந்த வளைவில், கடலுக்கு எதிர்ப்புறம் இருக்கிற இடப்பக்கத்துச் சிக்னலை விட்டுக் கண் நகரக் கூடாது என்றார். உப்புக்காற்றில் தண்டவாளம் வழுக்கும் என்பது தெரியுமாம். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லையாம். கண் கலங்கியிருந்தது. என் முந்தானையை எடுத்துக் கொடுத்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நாளை மறுநாள் இதே வளைவில், முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு, இவர்தானே ஓட்டப்போகிறார்?

"இங்க பாருங்க, வேலைக்கு வர்றப்ப மட்டும் இந்தப் பக்கம் திரும்பிடாதீங்க."

கடலை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"திரும்ப மாட்டேன். நீ பின்னாடி பெட்டியில உட்கார்ந்து பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து சொல்லு."