எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

காருக்கு என்ன ஆயில் ஊற்றுவது என்று தெரியாதவருக்கு நல்ல நேரம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. என் கணவரின் அண்ணன் ரங்கசாமி மாமாவைத்தான் சொல்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய அம்பாசடரைக் கழுவிப் பொட்டு வைத்தார். சாமி கும்பிடும்போது வண்டியில் எதுவும் குறையாக இருக்கக்கூடாதாம். பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றித் தளும்ப நிரப்பிவிட்டார். உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டது. என் மகள் பானுப்ரியாவின் கல்யாண வாரத்தில் பிரேக் பெடல் தரைவரைக்கும் போனது. அவள் அந்தக் காரில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி தில்லை நகர் மண்டபத்துக்குப் போகவேண்டும்.

மெக்கானிக் இம்தியாஸ் வந்து மாஸ்டர் சிலிண்டரையும் சக்கரங்களில் கெட்டிருந்த ரப்பர்களையும் மாற்றினார். குழாய்களைக் கழுவியதில் கையிலிருந்த பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது.

"அக்கா, லைன்ல இன்னும் காத்து இருக்கு. அதை எடுக்கற வரைக்கும் பிரேக்கே இல்லன்னு வச்சுக்குங்க. ஆயில் வாங்கிட்டு வந்துடறேன், யாரும் தொடவேணாம்."

அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். மாமா நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"பன்னண்டுக்கு ராகு காலம்மா. புதுசா பார்ட் போட்ட வண்டி, அதுக்குள்ள பழத்து மேல ஏத்திடணும். பொண்ணு உள்ள உக்காரட்டும்."

"பிரேக் இல்ல மாமா. அந்தத் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு."

"நாலு அடிதான். அதுக்கு எதுக்கு பிரேக்கு?"

நான் கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாய் ஏன் அபசகுனமாய்ப் பேசுகிறாய் என்று வந்திருந்த சொந்தமெல்லாம் என்னைத்தான் அடக்கியது. பெரியப்பா சொல்லைத் தட்ட மாட்டாமல் பானு பின்சீட்டில் ஏறினாள்.

மாமா வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்கின. கார் நிற்கவில்லை. மாமா பெடலை மிதித்துக்கொண்டே போனார். கைபிரேக் என்று ஒன்று இருப்பது அவருக்கு நினைவு வரவில்லை. பந்தக்கால் முறிந்து, வாழை மரம் சாய்ந்து, மதில் சுவரில் இடித்துத்தான் வண்டி நின்றது. முன்சீட்டில் மோதியதில் பானுவின் நெற்றி புடைத்துவிட்டது. விடிந்தால் தாலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்.

மாமா இறங்கி வேட்டியை உதறினார்.

"போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது. அந்தப் பையன் ஒழுங்கா மாட்டல போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ஐஸ் எடுத்து வந்து பானுவின் நெற்றியில் வைத்தேன்.

இம்தியாஸ் டின்னோடு திரும்பியபோது சொந்தக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரையும் விலக்கி, நடந்ததை நானே சொன்னேன். காற்றை எடுக்கப் பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நானே ஏறி உட்கார்ந்து, அவர் சொன்னபோதெல்லாம் மிதித்தேன், விட்டேன். கடைசியில் பெடல் கல்லுப்போல் நின்றது. தெருவில் ஓட்டிப் பார்த்து வந்து, "இனி தைரியமா போலாங்க்கா" என்றார்.

நான் உள்ளே போய் நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தேன்.

"மாமா, இப்ப ஏத்தலாம். நீங்க பழத்துக்கு நேரா, வண்டிக்கு முன்னாடி நில்லுங்க. நாலு அடிதான்."

மாமா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து மதில் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இப்ப ராகு காலம்மா" என்றார்.