தலைவருக்கு ஒரு கல்யாண அர்ச்சனை

யதுசாவுக்குக் கடவுளோடு பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. கடவுளின் பெயரால் நிற்கிற கியூவோடுதான் சண்டை. ஹம்பேர்க்கின் ஒதுக்குப்புறத்தில், முன்பு டயர் விற்ற கட்டடம் ஒன்றில்தான் அவர்களுடைய பிள்ளையார் கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழா என்றால் அங்கே அர்ச்சனைத் துண்டு எடுக்கவே அரை நாள் போய்விடும். துண்டில் எழுதியிருப்பது ஐயருக்கு விளங்காது; ஐயர் வாசிப்பது சனத்துக்கு விளங்காது; பிள்ளையாருக்கு என்ன விளங்கியதோ, அதை அவர்தான் சொல்ல வேண்டும். வேலை நாட்களில் துறைமுகக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள் யதுசா. இந்த வருடம் கோயிலுக்கும் ஒரு செயலி எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தாள்.

பக்தியில் கொடுத்த வாய் அல்ல அது. அவளுடைய அப்பா இராசலிங்கம் கோயில் தலைவர். முப்பது வயதாகியும் மகள் கல்யாணம் செய்யவில்லை என்பது அவருக்கு வயிற்றில் நெருப்பு. டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிற ஒரு மாப்பிள்ளையை அவர் கைவசம் வைத்திருந்தார். சோற்றுக் கோப்பையோடு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

“தேருக்கு அர்ச்சனையில ஒரு முறைப்பாடும் வராட்டி, ஒரு வருசத்துக்குக் கலியாணக் கதை எடுக்கமாட்டன்,” என்றார் அப்பா. “வந்தால், டிரெஸ்டன் பெடியன் அடுத்த ஞாயிறு வருவான். நீ சேலை கட்டித் தேத்தண்ணி கொண்டு வந்து குடுக்கவேணும்.”

“ஓம்,” என்றாள் யதுசா. ஒரு வருட நிம்மதி. அதற்காக அவள் பிள்ளையாருக்கு ஒரு விண்வெளி நிலையமே கட்டிக் கொடுத்திருப்பாள்.

அவள் எழுதியதைச் சரிபார்க்க முன்வந்தவன் கஜரூபன். இன்னொரு கம்பனியில் அதே தொழில் செய்கிறவன். நீங்கள் உடனே ஒரு கணக்குப் போட வேண்டாம். கஜரூபனுக்கு யூலியா என்றொருத்தி இருக்கிறாள், யதுசாவுக்கும் அவனைக் கண்டால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலுக்குக் காரணம் அவன் எப்போதும் சரியாகச் சொல்வது.

“இதென்ன, கன்ஸ்ட்ரக்டர்?” என்று தொடங்கினான். “அப்பா பெயர், பிள்ளை பெயர், ரெண்டும் வெறும் எழுத்து. மாறிப் போட்டால் ஆர் கண்டுபிடிக்கிறது? பெயர் வைச்சு ஃபாக்டரி மெதட் எழுதும்.”

விஷயம் இவ்வளவுதான். அர்ச்சனை என்ற ஒரு பொருளைக் கணினிக்குள் உண்டாக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டர் என்பது சாப்பாட்டுக்கடைச் சமையலறைக்குள் நேரே புகுந்து சட்டியில் அள்ளுவது. கேட்டது கேட்டபடி கிடைக்கும், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஃபாக்டரி மெதட் என்பது வாசலில் நின்று இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது. உள்ளே இருப்பவர் பார்த்து எடுத்துத் தருவார். இதற்காக உலகமெங்கும் படித்த மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள்.

“கோயில் டிக்கெட்டுக்கு ஃபாக்டரியோ?” என்றாள் யதுசா. “உமக்கு விசர். நேரே கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டு நியூ எண்டு எழுதினால் முடிஞ்சுது.”

“பிறகு என்னட்டை வரப்படாது,” என்றான் அவன். அவள் போகவில்லை, எழுதி முடித்தாள்.

கைபேசியில் பதிகிறவர்களுக்கு ஒரு பக்கம். கைபேசியை நம்பாதவர்களுக்குக் கோயில் மேசையில் ஒரு பக்கம். அங்கே புஸ்பவதி அக்கா உட்கார்ந்து தட்டிக்கொடுப்பார். கன்ஸ்ட்ரக்டருக்கு முதலில் தகப்பன் பெயர், பிறகு ஆளின் பெயர். எங்கள் ஊர் வழக்கம் அது. கைபேசிப் பக்கத்தை யதுசா அப்படியே சரியாக எழுதினாள். மேசைப் பக்கத்தை எழுதியபோது வேலைக் களைப்பு. நாள் முழுக்க அலுவலகத்தில் ஜேர்மன் ஒழுங்கில் சொந்தப் பெயரை முன்னும் குடும்பப் பெயரைப் பின்னும் போட்டுப் பழகிய விரல்கள் இங்கேயும் அப்படியே போட்டுவிட்டன. நம்மவர்களுக்கு இந்த நாட்டில் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர். இரண்டும் எழுத்து என்பதால் கணினி வாயைத் திறக்கவில்லை. ஓட்டிப் பார்க்க அவள் போட்ட பெயர் டெஸ்ட் டெஸ்ட். அதை எந்தப் பக்கம் புரட்டினாலும் டெஸ்ட் டெஸ்ட்தான்.

தேர் நாள் வந்தது. வெயில்கூட வந்தது, ஹம்பேர்க்கில் அதுவே பாதி அற்புதம். ஐயர் கையில் பூத்தட்டுக்குப் பக்கத்தில், பதிகிற பெயர்கள் வந்து விழுகிற டப்லெற். கியூ இல்லை. அப்பா பட்டு வேட்டியும் வெறும் மேலுமாகப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்று, எல்லாம் தன் மகளின் கைவண்ணம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யதுசாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அர்ச்சனை முடிந்து முதலில் வந்தவர் மதீசன், தடித்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ள மனிதர். மேசையோரம் நின்ற யதுசாவிடம் குனிந்தார்.

“தங்கச்சி, ஐயர் அப்பான்ர பெயரைச் சொல்லித் தீர்க்காயுசு கேட்டவர். அப்பா செத்துக் கன காலம். கேட்டது நல்லது, கொஞ்சம் பிந்திப்போச்சு.”

பக்கத்தில் நின்ற கஜரூபன் புருவத்தை மட்டும் உயர்த்தினான், அதற்கே அவனை அடிக்கலாம். அவள் மடிக்கணினியைப் பறித்துத் திறந்தாள். மேசைப் பக்கம். தலைகீழ். மேசையில் பதிந்த அத்தனை பேருக்கும் தகப்பன்மாருக்குத்தான் அர்ச்சனை போய்க்கொண்டிருந்தது. இருக்கிற தகப்பனுக்கும், போன தகப்பனுக்கும். மதீசன் நல்ல மனிதர், முறைப்பாடு என்று வாய்திறக்கமாட்டார். ஐயர் அடுத்த பெயருக்குப் போவதற்குள் மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம். அவள் அவசர அவசரமாகத் தட்டினாள்.

ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் எழுந்தது. “சுவாதி நட்சத்திரே, துலா ராசௌ…”

என்னுடைய நட்சத்திரம் அல்லவா, என்று யதுசா நிமிர்ந்தாள். அவள் ஒன்றும் பதியவில்லையே. சனத்துக்குள் கைகூப்பி நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பச்சைப் பிள்ளையின் களவு; மேசையில் மகளுக்காகப் பதிந்தது அவர்தான்.

“…இராசலிங்கம் நாமதேயஸ்ய,” என்று ஐயர் கணீரென்று தொடர்ந்தார், “சீக்கிர விவாக சித்தியர்த்தம்!”

சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் விவாகம் தெரியும். ஐயர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, ஒலிவாங்கி வாயோடு இருப்பதை மறந்து, “எங்கட தலைவருக்கோ?” என்று கேட்டார்.

பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. நாதஸ்வரக்காரர் குழலை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா வெறும் மேலோடு, கழுத்தில் தலைவர் மாலையோடு, புது மாப்பிள்ளை மாதிரியே நின்றுகொண்டிருந்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“அண்ணை, என்ன வயசில பொம்பிளை பாக்க?”

“அண்ணைக்குச் சொந்த வீடோ, வாடகையோ?”

“சம்பளம் சொல்லுங்கோ. புறுட்டோ வேண்டாம், வரி கழிச்சுக் கையில வாற நெற்றோவைச் சொல்லுங்கோ!”

தேர் வீதியால் போனபோதும் கேட்டார்கள். அன்னதானப் பந்தியிலும் கேட்டார்கள். மயிர் கொட்டினது எப்ப, முதலே சொல்லவேணும், பிறகு பொம்பிளை வீட்டார் பிரச்சினை எடுப்பினம் என்று சாம்பார் வாளியோடு ஒருவர் விசாரித்தார். நாற்பது வருடம் ஜேர்மனியில் தலை நிமிர்ந்து நடந்த மனிதர் அன்று வடையைக்கூட முடிக்காமல் எழுந்தார். யதுசாவுக்குச் சிரிப்பு முட்டியது. அப்பாவின் கூனிய முதுகைப் பார்த்தபோது நெஞ்சும் வலித்தது. அதைவிட, ஒரு வருட நிம்மதி போய்விட்டது என்ற பயம் வலித்தது.

வீடு திரும்பும்போது காரில், “நேர்த்தி எண்டுதான் வைச்சனான்…” என்று அம்மா ஒருமுறை தொடங்கினார். அப்பா வானொலியைப் போட்டார்.

மறுநாள் மாலை அப்பா அவளுடைய அறைக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றார்.

“முறைப்பாடு வந்திட்டுது,” என்றார். “என்னட்டையிருந்துதான்.”

“தெரியும் அப்பா. சேலை எடுத்து வைச்சிட்டன்.”

அவர் அதைக் கேட்காதவர் மாதிரி யன்னலுக்கு வெளியே பார்த்தார். “கண்டவன் நிண்டவன் எல்லாம் சம்பளம் கேக்கிறான். தலைமயிரைப் பற்றிக் கேக்கிறான். உன்னட்டையும் இப்பிடித்தான் கேக்கிறவையோ?”

“பத்து வருசமாக் கேக்கினம். நீங்களும் பக்கத்தில இருந்து பதில் சொல்லுறனீங்கள்.”

அவருக்கு அது பட்டது. தொண்டையைச் செருமினார். “டிரெஸ்டனுக்கு நான் ரெலிபோன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லுறன். ஆனால் கொம்மாவை என்னால மறிக்கேலாது, அவ ஒவ்வொரு திருவிழாவுக்கும் உந்தக் கலியாண அர்ச்சனையைக் குடுப்பா. கலியாணம் கட்டுற ஆள் தானாக் கேட்டால் மட்டும் அது ஐயரிட்டைப் போறமாதிரி செய்யேலுமோ?”

யதுசா யோசித்தாள். கன்ஸ்ட்ரக்டரும் மறுக்கும்தான். ஆனால் அது ஊரைக் கூட்டித்தான் மறுக்கும். திரை சிவக்கும், புஸ்பவதி அக்கா கூப்பிடுவார், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் வேறொன்றை எடுத்து நீட்ட அதற்குத் தெரியாது. கல்யாண அர்ச்சனை கேட்டால் அது கல்யாண அர்ச்சனையைத்தான் தரும், இல்லையென்றால் கத்தும். வாசலில் ஒருவர் இருந்து, கேட்டதைக் கேட்டுக்கொண்டு, பார்த்து வேறொன்றைத் தர வேண்டும்.

“ஏலும்,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆனால் ஃபாக்டரி மெதட் எழுதவேணும்.”

“எதையெண்டாலும் எழுது பிள்ளை.”

அவள் எழுதினாள். ஜேர்மன் ஒழுங்கில் வரும் பெயருக்கு ஒரு மெதட், எங்கள் ஒழுங்கில் வரும் பெயருக்கு இன்னொன்று, கல்யாணத்துக்கு மூன்றாவது. மூன்றும் வாங்குவது ஆள், தகப்பன் என்ற அதே இரண்டு பெயர்களைத்தான். ஒவ்வொரு வாசலுக்கும் தனிப் பெயர் இருப்பதால் இனி ஆளும் தகப்பனும் மாறமாட்டார்கள். கன்ஸ்ட்ரக்டரை யாரும் வெளியிலிருந்து தொட முடியாதபடி உள்ளே போட்டுப் பூட்டினாள். பிறகு, வேறு வழியில்லாமல், கஜரூபனுக்கு அனுப்பினாள்.

அவனிடமிருந்து வந்தது ஒரே வரி. “கோயில் டிக்கெட்டுக்கு ஃபாக்டரியோ?”

அதை அவள் அழிக்கவில்லை. தோற்றால் தோற்றதுதான், கிடைத்த நிம்மதிக்கு அந்த விலை மலிவு.

நவராத்திரிக்குக் கோயில் நிரம்பியிருந்தது. அம்மா யாரும் பார்க்காத மாதிரி மேசைக்குப் போய், புஸ்பவதி அக்காவின் காதில் ஏதோ சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். யதுசா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவாதி நட்சத்திரம் வந்தது. துலா ராசி வந்தது. “யதுசா நாமதேயஸ்ய,” என்றார் ஐயர், “தேக ஆரோக்கிய சித்தியர்த்தம்!”

அம்மா கண்ணைத் திறந்தார். “இஞ்சேருங்கோ, ஐயர் விவாகம் எண்டு சொல்லேல்லையே?”

“சொன்னவர்,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். “நீ நிக்கிற பக்கம் ஸ்பீக்கர் வடிவாக் கேக்காது.”

அம்மா நம்பி மறுபடியும் கும்பிட்டார். இராசலிங்கம் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து தூணோரம் மகளைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் பலமாகப் போட்டுக்கொண்டார்.