தோளில் ஒழுகும் மழைக்கோட்டு

மழைக்கோட்டைச் சோதிக்க மாமிக் சத்ரியாவுக்கு ஒரே வழிதான் தெரியும். யாரையாவது முற்றத்தில் நிற்க வைத்து, கோட்டை மாட்டிவிட்டு, தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பது. உள்ளே நனையாவிட்டால் அது நல்ல கோட்டு. ரிஞ்சானி எரிமலை ஏற வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கூடாரமும் சோறும் சுமக்க ஆளும் ஏற்பாடு செய்கிற கம்பெனி அவருடையது. செனாரு ஊரில் நாற்பது சுமைகாரர்கள் அவரை நம்பிப் பிழைத்தார்கள். அந்த நாற்பது பேரை நம்பித்தான் அவரும் பிழைத்தார். ஆனால் அவர் காதில் விழும்படி அதைச் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை வாளிக்குக் கீழே நின்றவள் சக்னா. முப்பத்தாறு வயது. சமையலும் அவள்தான், சுமையும் அவள்தான். மூங்கில் காவுதடியின் இரு முனையிலும் கூடை கட்டி, செருப்புக் காலோடு மலையேறுகிற அந்த நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

"நனைஞ்சுதா?" என்றார் மாமிக்.

"இல்ல மாமிக்."

"அப்ப சரி. இந்தத் தாள்ல மூணு கோடு இருக்கு. உனக்கு ஒண்ணு, ராவிக்கு ஒண்ணு, ஜுவைனிக்கு ஒண்ணு. போடு கையெழுத்த."

"முற்றத்துல நின்னா நான் சுமக்கறேன்? மலைமேல போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

மாமிக்கின் முகம் சுருங்கியது. பக்கத்தில் நாற்காலியில் இருந்த ஹெங்கி சிரித்தான். கோட்டும் அடுப்பும் விற்க சுரபாயாவிலிருந்து வந்தவன் அவன். ஐயா என்பது போல மரியாதைக்குப் பாக் என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். "கூட்டிட்டுப் போங்க பாக். எங்க கோட்டு எந்த மலைக்கும் தாங்கும். அடுப்பையும் அங்கயே பாத்துடலாம்" என்றான். சரக்கு விற்பவனே அப்படிச் சொன்ன பிறகு மாமிக்கால் மறுக்க முடியவில்லை.

அந்தத் தாள் சும்மா வந்த தாள் இல்லை. போன டிசம்பரில் சக்னாவின் தம்பி சஹ்ருல், மலை வழியில் சுமைகாரர்கள் இளைப்பாறும் மூன்றாம் தங்கலுக்கு மேலே மழையில் உட்கார்ந்தான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு வருகிறேன் என்றவன் பிறகு எழவே இல்லை. அவன் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளைக் காவுதடி தோளில் அறுத்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக ஐந்து மணி நேரம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சாவு வீட்டில் ஒன்பதாம் நாள் ஓதலுக்கு வந்த மாமிக், அடுத்த வருடம் ஒவ்வொரு தோளுக்கும் நல்ல கோட்டு போடுகிறேன் என்று சபையில் சொன்னார். வனத்துறையும் பிடித்துக்கொண்டது. மழைக்கு அடைக்கிற மலை வரும் ஏப்ரலில் திறக்கும்போது எல்லாச் சுமைகாரருக்கும் கோட்டு இருக்க வேண்டும், அது நல்லது என்று சுமைகாரர் மூன்று பேர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். தம்பியின் சாவுக்கு ஊர் கொடுத்த ஒரே பதில் அந்தத் தாள். அதில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் அவனை இரண்டாம் தரம் புதைத்த மாதிரிதான் என்று சக்னா நினைத்தாள்.

மறுநாள் ஐந்து பேர் கிளம்பினார்கள். மாமிக்குக்கும் ஹெங்கிக்கும் முதுகுப் பை. சக்னாவுக்கும், ஐம்பது தாண்டிய ராவிக்கும், வாய் ஓயாத ஜுவைனிக்கும் காவுதடி. எல்லோருக்கும் அதே நீலக் கோட்டு.

இரண்டாம் தங்கலைத் தாண்டியதும் மழை பிடித்தது. காவுதடியை ஒரே தோளில் வைத்து யாரும் நடப்பதில்லை. இருநூறு எட்டுக்கு ஒரு தரம், நடையை நிறுத்தாமல், பிடரி வழியாக அடுத்த தோளுக்கு உருட்டிக்கொள்ள வேண்டும். முப்பது கிலோ சுமை. மூங்கில் கணு ஒவ்வொரு உருட்டலுக்கும் தோள்பட்டைத் தையலை அரைத்தபடி போகும். மூன்றாம் தங்கலுக்குள்ளேயே சக்னாவின் தோள் குளிர்ந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஈரம்.

"ஒழுகுது மாமிக்."

"வேர்வை. பொம்பள உடம்பு, சூடு அதிகம்."

"எனக்கும் ஒழுகுது, மாமிக்" என்றான் ஜுவைனி. "நானும் பொம்பளையாயிட்டேன்னா வீட்டுல சொல்லி அனுப்புங்க, என் பொண்டாட்டி வேற ஆள் பாக்கட்டும்."

ராவி இருமுவதுபோல் சிரித்தார். ஹெங்கி தன் கோட்டைத் திறந்து காட்டினான், உள்ளே காய்ந்த துணி. "பாருங்க, ஒரு சொட்டு இல்ல." அவன் தோளில் இருந்தது மெத்து வைத்த பை வார். ஒரு தரம் மாட்டினால் சாயங்காலம் வரை அசையாது. அதைச் சொன்னால் புரிந்துகொள்கிற நிலையில் அப்போது அவன் இல்லை, மூச்சுக்கே அல்லாடினான்.

மதியம் தாண்டி, கீழே ஏரி தெரிகிற எரிமலை வாயின் விளிம்பில் ஏறினார்கள். மழை ஓய்ந்திருந்தது, காற்று ஓயவில்லை. கூடாரம் அடித்ததும் ஹெங்கி இரண்டு அடுப்புகளை எடுத்து வைத்தான். ஒன்று கேஸ் டப்பாவின் தலையிலேயே திருகுவது. கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. இன்னொன்று நாலு காலோடு தரையில் படுத்து, டப்பாவைக் குழாய் வைத்துத் தள்ளி நிறுத்துவது.

"இந்தச் சின்னது எடை நூறு கிராம்கூட இல்ல. உலகமே இதத்தான் வாங்குது" என்றான்.

சக்னா எட்டுப் பேர் சோற்றுப் பானையை அதன் மேல் வைத்துக் கையை எடுத்தாள். பானை ஆடி ஒரு பக்கம் சாய்ந்தது, பிடித்துக்கொண்டாள். காற்றில் தீயும் அணைந்து அணைந்து எரிந்தது. ஹெங்கி பானையைச் சின்னதாக மாற்றி, அலுமினியத் தகடு ஒன்றை விரித்து அடுப்பையும் டப்பாவையும் சுற்றி மூடினான். தீ நிமிர்ந்தது, அவன் முகமும் நிமிர்ந்தது. சக்னா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தகட்டுக்குள் கை விட்டு டப்பாவைத் தொட்டாள். உடனே தகட்டைப் பிடுங்கி எறிந்து அடுப்பை அணைத்தாள்.

"தொட்டுப் பாருங்க பாக். இன்னும் கொஞ்சம் சுட்டிருந்தா டப்பா வெடிச்சு நம்ம சோத்த கீழ ஏரியில போய்ப் பொறுக்கணும்."

அவன் தொட்டான், விரலை உதறிக்கொண்டான். அவள் தகட்டைக் குழாய் அடுப்பைச் சுற்றி மட்டும் நிறுத்தி, டப்பாவை வெளியே வைத்தாள். பெரிய பானை அசையாமல் உட்கார்ந்தது. கால் மணியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"இது நல்ல அடுப்பு. இதுக்கு இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றாள். அடுப்புக்கான தனித் தாளில் போடவும் செய்தாள். அவளுக்கு எதையும் குறை சொல்லித்தான் வாழ வேண்டும் என்று நேர்ச்சை ஒன்றும் இல்லை. நல்லதை நல்லது என்பாள், அதே வாயால்தான் கெட்டதையும் சொல்வாள். பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காமல் போவது இந்த இரண்டாவதுதான்.

சாப்பிட்டானதும் மஞ்சள்தூளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தாள். ஜுவைனிக்குக் காய்ந்த வெள்ளைப் பனியன் போட்டு, கோட்டை வெளிப்பக்கம் துடைத்து மாட்டினாள். இரண்டு கூடையிலும் கல் நிரப்பிக் காவுதடியைக் கொடுத்தாள்.

"நட. தோள் மாத்தி மாத்தி நட."

"கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு மஞ்சள் பூசல அக்கா."

அவன் கூடாரத்துக்கும் பாறைக்கும் நடந்தான். அவள் பின்னாலேயே நடந்து தோளில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். வாளி காலியானதும் கோட்டைக் கழற்றினாள். பனியனின் இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

"வேர்வை மஞ்சளா வருமா மாமிக்?"

ஹெங்கி கோட்டைத் திருப்பித் தையலை விரலால் தடவினான். உள்ளே ஒட்டியிருந்த பட்டை பிசிறு பிசிறாக உரிந்து வந்தது. "பை வாருக்குத்தான் இதத் தைச்சாங்க. தடி உருளும்னு எங்ககிட்ட யாரும் சொல்லல பாக்" என்றான், மாமிக்கைப் பார்த்து. நாணயமான பேச்சுதான்.

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" மாமிக் எரிந்து விழுந்தார். "நாப்பது கோட்டு வந்து எறங்கி ஒரு மாசமாச்சு. கெட்டியா இழுத்துக் கட்டிக்கிட்டா அதே போதும். மூணு பேரும் போடுங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. கோட்டை முதலில் வாங்கியாகிவிட்டது. சோதனை பிறகு நடத்துகிற சடங்கு.

ராவி முதலில் போட்டார். "என் வயசுக்கு வேற எந்தக் கம்பெனி என்னச் சேத்துக்கும்?" என்று தாளிடம் சொன்னார். ஜுவைனி யாரையும் பார்க்காமல் போட்டான், அன்று அதற்குமேல் ஒரு வேடிக்கையும் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவர்களைத் திட்டுவது சுலபம், வீட்டில் உலை வைப்பதுதான் கஷ்டம்.

"நான் போட மாட்டேன்" என்றாள் சக்னா.

"காலையில பாக்கலாம்" என்றார் மாமிக்.

காலையிலும் போடவில்லை. கூடாரம் பிரித்து, கூடை கட்டி, அவள் காவுதடியைத் தோளுக்குத் தூக்கியபோது மாமிக் தாளை நீட்டினார்.

"கடைசியா கேக்கறேன்."

"என் தம்பி பொணத்த இந்தத் தோள்லதான் மாமிக் இறக்கினேன். போட மாட்டேன்."

"அப்ப என் சுமைய கீழ வச்சிட்டுப் போ. இனி ஜென்மத்துக்கும் என் சுமை உன் தோளுக்குக் கிடையாது."

அவள் வைத்தாள். மெதுவாக, பானை இடிக்காமல் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

கோபத்தில் மாமிக் ஒன்றை மறந்துபோனார். அதே ஊரில் பிறந்தவர், மறந்திருக்கக் கூடாது. முதலாளி வாயால் இறக்கச் சொன்ன சுமைக்கு இன்னொரு சுமைகாரன் தோள் கொடுக்க மாட்டான். பாதி மலையில் ஒருவனை விரட்டிவிட்டு அவன் பாரத்தை அடுத்தவன் கழுத்தில் கட்டுகிற முதலாளிகளுக்காகவே உண்டான வழக்கம் அது. இறக்கச் சொன்னவர் தாமே சுமக்க வேண்டும், இல்லை இறக்கியவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ராவி, ரெண்டு பேருமாப் பிரிச்சு எடுத்துக்குங்க."

ராவி சிகரெட்டைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைத்தார். "எடுக்கக் கூடாதே மாமிக். உங்களுக்குத் தெரியாததா."

ஜுவைனி தன் கூடைக் கயிற்றை இறுக்குவதில் மும்முரமாக இருந்தான். ஹெங்கிக்கு அவன் உடம்பே சுமை. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. கொண்டுபோனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவராத கம்பெனிக்கு அடுத்த வருடம் மலையேற அனுமதி இல்லை. மாமிக் தன் பையை ஹெங்கியிடம் தள்ளிவிட்டு, குனிந்து தோள் கொடுத்தார். இளவயதில் சுமந்த பழக்கம் இருந்தது, விழவில்லை.

விளிம்பை விட்டு இறங்கி அரை மணியில் மழை கொட்டியது. சக்னா வெறுங்கையோடு பின்னால் வந்தாள். அவர் தோள் மாற்றுவதை எண்ணினாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. தம்பி உட்கார்ந்த இடத்தைக் கடந்தபோது அழுகை வந்தது. மழையில் அழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் தங்கலின் கூரைக்குக் கீழே மாமிக் சுமையை இறக்கினார். கோட்டுப் பித்தானைக் கழற்ற விரல் வளையவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தார், நாக்கு குழறியது. சக்னா பயந்துபோனாள். சஹ்ருலும் கடைசியில் இப்படித்தான் குழறினான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஓடிப்போய்க் கோட்டையும் சட்டையையும் கழற்றி, கூடையில் பிளாஸ்டிக்கில் பொதிந்திருந்த தன் காய்ந்த கைலியைச் சுற்றிவிட்டாள். ஜுவைனி குழாய் அடுப்பை மூட்டினான். இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை அள்ளிக் கொட்டி, டம்ளரை அவர் வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று டம்ளர். அந்த நேரத்தில் தாளைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. டீக்குப் பேரம் பேசுகிற ஜாதி இல்லை அவள்.

அரை மணி கழித்து அவர் முகத்தில் மறுபடி ரத்தக்களை வந்தது. எழுந்து காவுதடியை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"எடுத்துக்க சக்னா. காலையில பேசினது கோபத்துல."

அவள் கையை நீட்டவில்லை. "தாளு எங்க மாமிக்?"

"உன்னப் போடச் சொல்லல. விட்டுடு."

"நான் விட்டுட்டா ஏப்ரல்ல வேற ஒருத்தன போட வைப்பீங்க. தாள்ல என் பேருக்கு விட்ட இடத்துல நீங்க எழுதுங்க. தடி தூக்கினா தோள்ல ஒழுகுதுன்னு."

"நாப்பது கோட்டு சக்னா."

"நாப்பது தோளு மாமிக்."

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாமிக் ஹெங்கியைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தா எங்க ஆளுங்ககிட்ட காட்டி மாத்தச் சொல்லிப் பாக்கறேன். எழுத்து இல்லாம நான் வெறும் வாயாலதான் சொல்லணும்" என்றான் அவன்.

மாமிக் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். குளிரில் விரல் மரத்திருந்ததால் எழுத்து கோணியது. சக்னா வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

"பேரு போடல."

"அது உன் கோடு."

"நனைஞ்சது உங்க தோளு. முழுப் பேரையும் போடுங்க. தேதியும்."

போட்டார். ராவி எழுந்து வந்து பேனாவை வாங்கினார். மேலே தன் பெயரை ஒரு கோடு கிழித்து அடித்தார், போதாதென்று இன்னொன்றும் கிழித்துவிட்டு ஜுவைனியிடம் நீட்டினார். மாமிக் காவுதடியை மறுபடி எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஜுவைனி அடித்து முடிக்கும் வரை அவரை நிற்க வைத்துவிட்டு, சக்னா தடியை வாங்கக் கையை நீட்டினாள்.