மச்சான் ஜெயித்த ஆட்டங்கள்

லிஃப்ட்காரருக்கு மச்சான் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. மனைவியும் அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் மச்சான் என்று ஒருவன் முளைப்பதற்கு வழியே இல்லை. அப்படிப்பட்ட மனிதரை அவருடைய மச்சான் பதினான்கு ஆட்டத்தில் பத்தில் தோற்கடித்திருந்தான் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கத்தானே செய்யும்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்தொன்று. வேலை நேரம் முழுக்க இருட்டுக் குழிக்குள், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே கழியும். பக்கத்துக் குழியில் ஓடும் லிஃப்டில் ஆட்கள் பேசிக்கொண்டு போவது கேட்கும். "அப்புறம் அவ என்ன சொன்னா தெரியுமா" என்று ஒரு குரல் கீழிருந்து கிளம்பி, அவரைத் தாண்டி, மேலே போய்விடும். அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

வீட்டிலும் பேச்சுத் துணை இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் உதவிக்கென்று வேறு ஊருக்குப் போன மனைவி, குழந்தைக்குப் பல் முளைத்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். பல் முளைத்தது. நடக்க ஆரம்பிக்கட்டும் என்றாள். நடந்தது. இப்போது பேச வரட்டும் என்கிறாள். இந்தக் கணக்கில் போனால் பேத்தி கல்யாணத்துக்குத்தான் பாட்டியைப் பார்க்க முடியும் போலிருந்தது. வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நம் ஆளுக்கு அந்த வாய்தான் இல்லை.

ஸ்னூக்கர் கிளப், அவர் மாதாமாதம் லிஃப்டுக்கு எண்ணெய் போடும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து எட்டிப் பார்த்தார். பச்சைத் துணி விரித்த நான்கு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு, துடைத்து வைத்த பந்துகள். மறுநாளே உறுப்பினர் ஆகிவிட்டார். காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அங்கே ஈ காக்கை இருக்காது. முதலாளி அவரை நம்பி ஒரு சாவியையும் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மட்டும் கோச் வருவாள். முப்பது வயதுப் பெண். பல கிளப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் நின்று பேச நேரமில்லாதவள். ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பாள். தாளின் இடது பக்கம் பயிற்சி, வாரத்தில் மூன்று நாள். வலது பக்கம் ஆட்டம், மூன்று நாள். யாரோடு ஆடினாய், யார் ஜெயித்தது, யாருக்கு எத்தனை புள்ளி என்று எழுத வேண்டும்.

இடது பக்கத்தில் லிஃப்ட்காரரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளைப் பந்தை நேர்கோட்டில் மேலே அனுப்பி, அது திரும்பி வந்து க்யூ கோலின் முனையிலேயே முட்ட வேண்டும்; நூறு முறை அடித்தால் தொண்ணூறு முறை முட்டும். சிவப்புகளை வரிசையாக வைத்து ஒன்றொன்றாகக் குழியில் தள்ளுவார். தவறினால் பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அடிப்பார். யார் கேட்கப் போகிறார்கள்? பந்துக்கும் அவருக்கும் நடுவே மூன்றாம் மனிதர் இல்லை. மில்லிமீட்டர் பார்த்து வேலை செய்கிற கை அது, சொன்னபடி கேட்டது.

"இடது பக்கம் தங்கம்ணா," என்றாள் கோச். "வலது பக்கம் ஏன் வெள்ளையாவே இருக்கு?"

"ஆடணும். ஆடிடுறேன்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அடுத்த மாசம் கிளப்புகளுக்கு இடையில போட்டி ஆரம்பிக்குது. நம்ம அணியில ஒரு இடம் காலி. ஆட்டம் ஆடாதவங்களை நான் சேர்க்க மாட்டேன்."

அணிக்கு நான்கு பேர். மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள்: மருந்துக் கடைக்காரர், வேன் ஓட்டுநர், கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநரின் வேனிலேயே வெளியூர்ப் போட்டிக்குப் போவார்கள். வேனில் ஏறும்போதே ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டு போவதை லிஃப்ட்காரர் கீழே நின்று பார்த்திருக்கிறார். கோப்பை கீப்பை எல்லாம் அவருக்கு வேண்டாம். அந்த வேனில் நான்காவது ஆளாக ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசை வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பு கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் துணிந்து போனார். மேசை எல்லாவற்றிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. க்யூவைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நாற்பது நிமிடம் நின்றார். "ஒரு ஆட்டம் ஆடலாமா?" மூன்று சொல். நாக்கு வரை வந்து வந்து உள்ளே போயிற்று. யாரும் அவரை விரட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மருந்துக் கடைக்காரர்தான் கடைசியில், "யாரையாவது எதிர்பார்க்குறீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஆமா," என்று சொல்லிவிட்டு, வராத ஆளை அழைத்து வரப் போகிறவர் போல இறங்கி வந்துவிட்டார். கேட்டால் என்ன குறைந்தா போயிருப்பார்? இதை அவருக்கு யார் சொல்வது.

மறுநாள் காலை பந்துகளை முழு ஆட்டத்துக்கு அடுக்கினார். இரண்டு பக்கமும் அவரே ஆடினார். தன் முறை வந்தால் சொந்த க்யூ. எதிராளி முறை வந்தால் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிளப்பின் கோணல் க்யூ ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் வருவார். ஆட்டம் முடிந்ததும் தாளில் எதிராளி பெயர் எழுத வேண்டுமே. கை தானாக 'மச்சான்' என்று எழுதியது. உரிமையோடு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிற உறவு வேறு எது இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், மச்சான் நன்றாக ஆடினான். லிஃப்ட்காரர் ஒவ்வொரு அடிக்கும் மூன்று முறை குனிந்து நிமிர்வார். மச்சான் அப்படியில்லை, வந்தான், குனிந்தான், அடித்தான். தோற்றால் அவனுக்கு என்ன, அவனுக்கு வேனும் தெரியாது ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரே மூச்சில் ஐம்பத்தெட்டு புள்ளி எடுத்தான். "போடா, குருட்டு அதிர்ஷ்டம்," என்று லிஃப்ட்காரர் சத்தமாகவே சொன்னார். காலி அறையில் தன் குரலைக் கேட்டு அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் பேசினார். சொல்லப்போனால், இரவு படுக்கும்போது காலையில் மச்சானை என்ன சொல்லிச் சீண்டலாம் என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து கோச் தாளைப் பார்த்தாள். இடது பக்கத்தை அவள் கண் தொடவே இல்லை.

"யாருண்ணா இந்த மச்சான்? பதினாலுக்குப் பத்து ஜெயிச்சிருக்கார். ஒரே மூச்சுல ஐம்பத்தெட்டு பிரேக் வேற!"

"என் மச்சான்தான்."

"காலி இடத்துக்கு ஆள் கிடைச்சாச்சு. அடுத்த சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான்.  தன்னிடமே தான் தோற்று, தன் இடத்தைத் தன்னிடமே பறிகொடுத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த வாரம் முழுக்க மச்சான் மேல் அவருக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சனிக்கிழமை வந்ததும் இன்னொரு பொய்யை எடுத்து நீட்டினார்.

"வெளியூர் போயிட்டான். வர நாளாகும்."

கோச் உதட்டைப் பிதுக்கினாள். "சரி, அவரோட ஆடி நாலு ஜெயிச்சிருக்கீங்க இல்ல? அப்ப நீங்களே ஆடிக் காட்டுங்க. மருந்துக் கடையோட ஒரு ஆட்டம். ஜெயிச்சா நீங்கதான் நாலாவது ஆள்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மருந்துக் கடைக்காரர் கை குலுக்கினார். வாத்தியாரும் ஓட்டுநரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். கோச் பலகையில் புள்ளி எழுதினாள். லிஃப்ட்காரர் பயந்துகொண்டுதான் தொடங்கினார். ஆனால் பந்துகள் தெரிந்த இடங்களில் வந்து நின்றன. காலையில் ஆயிரம் முறை அடித்த அடிகள். கால் மணி நேரத்தில் நாற்பத்தொன்றுக்குப் பதினெட்டு என்று முன்னால் இருந்தார். "அடேயப்பா," என்று பெஞ்சிலிருந்து ஓட்டுநர் சொன்னது காதில் விழுந்தது. 

அடுத்த சிவப்பு குழியின் வாயில் முட்டி வெளியே நின்றது; முறை எதிராளிக்குப் போயிற்று. கோச் பலகைப் பக்கம் திரும்பியிருந்தாள். மருந்துக் கடைக்காரர் எழுந்து க்யூ முனையில் நீலச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் தன் க்யூவைச் சுவரில் சாய்த்தார். பக்கத்தில் இருந்த கோணல் க்யூவை எடுத்தார். மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்தார். குனிந்தார், வாயில் நின்ற சிவப்பைத் தள்ளினார். நிமிராமல் கறுப்பையும் தள்ளினார்.

 மருந்துக் கடைக்காரர் சாக்கட்டியும் கையுமாக அப்படியே நின்றார்.

"அண்ணா," என்றாள் கோச், திரும்பி. "இப்ப அடிச்சது யாரு?"

அவர் கையில் இருந்த க்யூவைப் பார்த்தார். பிறகுதான் எல்லாம் உறைத்தது.

"மச்சான்," என்றார்.

ஓட்டுநர் சிரிக்க ஆரம்பித்து, வாத்தியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோச் பையிலிருந்து அவருடைய தாளை எடுத்து வலது பக்கத்தை மேலிருந்து கீழே வரை படித்தாள். பதினான்கு வரி. படித்து முடித்து மடித்து வைத்துவிட்டாள். முறை மாறி அடித்ததற்கு எதிராளிக்கு ஏழு புள்ளி எழுதினாள். "ஆட்டம் முடியல. ஆடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே. மருந்துக் கடைக்காரர் ஆட, இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சியில் நாற்காலிக்கு வேலையே இல்லை. மச்சானோடு ஆடியபோதும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இரண்டு முறையும் இவருடையதாயிற்றே. ஒருவன் தன் பாட்டுக்கு யோசித்து, மெதுவாக நடந்து, புள்ளி மேல் புள்ளி சேர்த்துக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. பத்து நிமிடம் கழித்து எழுந்தபோது தோள் மரத்துப் போயிருந்தது. குழந்தைகூடப் போடக்கூடிய பிங்க் பந்து தவறியது. ஒன்பது புள்ளியில் தோற்றார்.

"கையில குறை இல்லண்ணா," என்றாள் கோச், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆனா எதிர்ல ஆள் இருக்கிற ஆட்டம் ஒண்ணுகூட நீங்க ஆடல. இந்த வருஷம் முடியாது."

நான்காவது இடம் ஓட்டுநரின் தம்பிக்குப் போயிற்று. படியில் இறங்கும்போது மருந்துக் கடைக்காரர் கூடவே வந்தார். "நாளன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் வர்றேன். ஒரு ஆட்டம் போடலாம்," என்றார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே லிஃப்ட்காரர் பந்துகளை அடுக்கிவிட்டார். பயிற்சி எதுவும் செய்யவில்லை, அடுக்கினது கலைந்துவிடும். இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். எல்லாம் மேல் மாடிக்குப் போகிற கால்கள். எட்டு மணிக்கு, சரி, வழக்கம் போலவே ஆடிவிடுவோம் என்று கோணல் க்யூவை எடுத்தார். எதிர்ப்பக்கம் போய் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் கோணல் க்யூ. நான்கு பேருக்குத் தெரிந்த பிறகு மச்சானும் வரமாட்டான் என்று அப்போது புரிந்தது. இருந்த ஒரு துணையும் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். யாரும் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு ஆறுதலாக இல்லை.

எட்டரைக்குப் பூட்டிக்கொண்டு வேலைக்குத்தான் கிளம்பினார். கால் மருந்துக் கடைக்குப் போயிற்று. கடையில் கூட்டம். மருந்துச் சீட்டோடு நின்றவர்களுக்குப் பின்னால், சீட்டில்லாமல் வரிசையில் நின்றார். வரிசை நகர நகர உள்ளே என்னவோ கொதித்துக்கொண்டு வந்தது. அவர் முறை வந்தது.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?" குனிந்தபடியே கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

"ஏழு மணிக்கு வர்றேன்னீங்களே!" குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்யா! வர முடியாதுன்னா எதுக்குச் சொல்றது? நான் என்ன வேலை வெட்டி இல்லாதவனா?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட்காரர் ஒரு மனிதரைப் பார்த்து இப்படிக் கோபப்பட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. கோபித்துக்கொள்வதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "கடைப் பொண்ணு லீவு சொல்லிட்டா. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. தப்புதான், சார். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடையைச் சாத்துவேன். நேரா அங்க வந்துடுறேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா மறுபடி இங்க வந்து திட்டுங்க."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். பின்னால் நின்ற அம்மாள் சீட்டை நீட்ட, அவர் நகர்ந்து வழி விட்டார்.