கடைசிப் பத்தி

கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. எனக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். சாம்பார் வாளி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. "வணக்கம் தம்பி. உங்க 'பனியில் ஒரு கதவு' கதையில கடைசிப் பத்தி இருந்துச்சே, அது எங்க போச்சு? எனக்கு அது வேணும். ரொம்ப அவசரம். ஹேமாவதி, ஆவடி." கீழே ஒரு கைபேசி எண். இரண்டு முறை படித்தேன். ஒரு கதையின் பத்தி ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. பின்னால் நின்ற தேவா முழங்கையால் இடித்து, "இன்னா ஸ்ரீநாத்து, லவ் லெட்டரா? நவுரு, சோறு ஆறுது" என்றான்.

அந்தக் கதையை எழுதி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்புப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் நான் சேர்ந்த புதிது. கையில் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவல்களை எல்லாம் வேன் பயணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் எல்லாம் பனி பெய்தது. யாரோ யாருக்கோ கடிதம் எழுதினார்கள், அடுப்பில் விறகு வெடித்தது, ஒருவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கம்பெனி வேன் பாடி மேம்பாலத்தில் நிற்கும்போது நான் அந்த அறைகளில் இருப்பேன். பனியை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் அளவுக் கருவிகள் இருக்கும் அறையின் ஏசிதான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கைக்குப் பனிதான் வந்தது. முதல் கதையை தேவா வேனில் என் கைபேசியிலேயே படித்தான். "இன்னா மாமே, ஆளாளுக்குக் கோட்டு மாட்டி உட்டுகினு கீறே. நம்மூர்ல கோட்டு போடறவன் கல்யாண மாப்ள ஒருத்தன்தான். அவனும் போட்டோ முடிஞ்சதும் கழட்டிர்றான்."

கதை சிறியது. பெயரில்லாத ஒரு குளிர் ஊரில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். பனிக்காற்று அடிக்கும் மாலையில் அவள் தங்கை வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவள் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு காட்சி தோன்றியது, எழுதினேன். அதன் பிறகு ஒரு பத்தி இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளைப் பற்றிய பத்தி. அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது.

கதையை நான் வெளியிட்டது இணையத்தில் ஒரு வலைப்பதிவுக் குழுவில். நாற்பது ஐம்பது பேர் இருப்போம், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைதோறும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு, படித்த ஒவ்வொருவரும் அதிலிருந்து நீக்கவேண்டிய ஒரு வரியை மட்டும் சுட்டவேண்டும். பாராட்டு கூடாது, விளக்கம் கூடாது. அதற்குக் கல் என்று பெயர். எழுதியவர் வாதாடக்கூடாது. "எடுத்துவிட்டேன்" அல்லது "வைத்திருக்கிறேன்", இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். வைத்திருக்கிறேன் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தப் பதிவிலேயே வரியை அழித்துவிட்டுச் சேமிப்போம். பழையது போய்விடும்.

என் கதைக்குப் பதினோரு கல் விழுந்தது. அதில் ஒன்பது அந்தக் கடைசிப் பத்தியின் மேல். குழுவை நடத்தும் கோவிந்தராஜ் சார் மட்டும் வழக்கத்தை மீறி முழுப் பத்தியையும் சுட்டினார். "கதவு திறக்கவில்லை என்பதோடு கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அழுவது கதையாசிரியர்." காது சூடானது. உடனே அழித்தேன். அழித்ததும் கதை உண்மையிலேயே நன்றாகிவிட்டது. தங்கை திரும்பி நடக்கிறாள், கால்தடங்கள் மூடிக்கொள்கின்றன, முடிந்தது. அன்றுதான் எழுதுவது என்றால் என்ன என்று புரிந்ததாக நினைத்தேன். அதன் பிறகு எழுதியவை எல்லாம் அம்பத்தூரில், பட்டரவாக்கத்தில், கம்பெனி வேனில் நடந்தன. பனி நின்றுவிட்டது. ஒரு சிற்றிதழ் ஒரு கதையைப் போட்டது. குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு 'பனியில் ஒரு கதவு' பதிவைக் காட்டி, ஒரு கதையை எப்படி முடிக்கவேண்டும் என்று கோவிந்தராஜ் சார் சொல்வார்.

மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்து அந்த எண்ணுக்குப் பேசினேன். ஹேமாவதி அக்கா சேக்காட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் இருக்கிறார். கணவருக்கு அங்கே வேலை. நாற்பது வயது இருக்கும் என்று குரல் சொன்னது. "நான் உங்க குரூப்புல எழுதறவ இல்ல தம்பி. சும்மா படிப்பேன். எனக்கு ஒரு தங்கச்சி, லோகநாயகி. நாலு வருசமா பேச்சில்ல. உங்க கதை வந்தப்போ அவளுக்கு லிங்க் அனுப்பிச்சேன். 'கடைசிப் பத்தி உனக்குத்தான்'னு போட்டு. அவ அத தொறக்கவே இல்ல. போன வாரம்தான் தொறந்திருக்கா."

"என்ன சொன்னாங்க?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது. "'கதவு தொறக்க மாட்டேன்னு சொல்றதுக்கா இத அனுப்பிச்சே'ன்னு மெசேஜ்ல கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. நானும் போய்ப் பாத்தேன். அது இல்ல."

வேன் வந்து நின்று, போயும் விட்டது. நான் சாலையோரத்தில் நின்றிருந்தேன். என் கதையில் மிகச் சரியான இடம் என்று எல்லோரும் சொல்கிற அந்த இடத்தை ஒருத்தி தன் முகத்தில் அறைந்த கதவாகப் படித்திருக்கிறாள். அப்படியென்றால் கதை நன்றாக வேலை செய்திருக்கிறது என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

தேடிப் பார்த்தேன். கதையை நேராகக் கைபேசியில் தட்டியிருந்தேன், பிரதி கிடையாது. இணையக் காப்பகத்தில் குழுவின் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. கோவிந்தராஜ் சாருக்கு எழுதி, அந்தப் பத்தி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நல்லவேளை, இல்லை" என்று பதில் வந்தது. பிறகு இன்னொன்று: "எடுத்த வரியைத் தேடிப் போகாதீர்கள் தம்பி. அது பின்னோக்கி நடப்பது."

சரி, நான்தானே எழுதினேன், திரும்ப எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வரிகளில் ஒரு பத்தி வந்தது. கதவின் இடுக்கில் பனி, தாழ்ப்பாளின் மேல் ஒரு கை, அவ்வளவுதான். ஹேமாவதி அக்காவுக்கு அனுப்பினேன். "நல்லா எழுதறீங்க. இது இல்ல" என்றார். மறுநாள் வேண்டுமென்றே நெகிழ்ச்சியாக எழுதினேன். கண்ணீர், இதயம், பாவம், எல்லாம் போட்டேன். "இது கிண்டல் பண்ற மாதிரி இருக்கு" என்று வந்தது. அது உண்மை. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தச் சொற்களை நான் நம்பி எழுதினேன். இப்போது அவற்றைத் தொடும்போதே பொய் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. நான் வளர்ந்திருக்கிறேனா, அல்லது ஏதோ ஒன்று எனக்கு வராமல் போய்விட்டதா என்று தெரியவில்லை. உணவு இடைவேளையில் தேவாவிடம் சொன்னேன். அவன் அப்பளத்தை நொறுக்கியபடி யோசித்தான். "நல்லா ஓடிகினு இருந்த வண்டிய சர்வீஸ் உட்ட மாரி கீது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச்சொன்னார் அக்கா. "எனக்கு நெனப்பிருக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க." ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜூஸ் கடை, மதியம் பன்னிரண்டரை, மே மாதம். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. அவர் ஏற்கெனவே வந்து, நிழலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, முடிச்சுப் போட்ட துப்பட்டா. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்தது போல இருந்தது. "நீங்கதானா? வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன். கோட்டு ஸ்வெட்டர்னு எழுதியிருந்தீங்களே" என்றார். இரண்டு சாத்துக்குடி சொன்னார்.

கைபேசியில் பதிவைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ உள்ள நிக்கறா. கதவுக்குப் பின்னாடியே நிக்கறா. வெளிய இருக்கறவ மூச்சு உடறது கேக்குது." நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றித் தட்டினேன். "மூணு தடவ தட்டறா. மொத தடவ தட்டும்போதே உள்ள இருக்கறவளுக்குத் தெரியும் யாருன்னு. அவ தட்டறது அவளுக்குத் தெரியாதா?" மூச்சும் மூன்று தட்டலும் என்னுடையவையாக இருக்கலாம் என்று தோன்றியது. "வெளிய பூட்ஸு கெடக்கு. உள்ள இருக்கறவளோடது. வெளிய நிக்கறவ குனிஞ்சு அதப் பாக்கறா. ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

நான் நிறுத்தினேன். "அக்கா, இது நான் எழுதலன்னு நினைக்கிறேன்."

"எழுதியிருந்தீங்க."

"பனி பெய்யற ஊர்ல பூட்ஸ வெளிய விட மாட்டாங்கக்கா. உள்ள பனி ரொம்பிடும்."

"ரொம்பட்டும்."

கடைக்காரர் டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. "ரெண்டே ரூமு தம்பி எங்க குவாட்டர்ஸு. லோகு அவ புருசன் ஊட்ட உட்டு பையோட வந்து நிக்கறா. எங்க மாமியார் ஊர்லேந்து வந்திருந்தாங்க. 'தொறந்தேன்னா அவ இங்கியே இருந்துடுவா'ன்னு சொல்றாங்க, கைய புடிச்சிக்கினு. நான் சும்மா நின்னேன். என் செருப்பு வாசல்ல கெடந்துச்சு." பிறகு என் கைபேசியைப் பார்த்து, "எழுதிட்டீங்களா பூட்ஸு?" என்றார்.

எழுதினேன். "அக்கா, நான் இப்பல்லாம் நம்ம ஊர்லயே எழுதறேன். வேணும்னா இத குவாட்டர்ஸ்னே மாத்திடலாம். செருப்புன்னே போடலாம்" என்றேன். குழுவில் எல்லோரும் எனக்குச் சொன்ன புத்திமதி அதுதான்.

"அய்ய, வேணாம். இங்கன்னு போட்டா அவ சண்டைக்கு வருவா. எத்தினி மணிக்கு வந்தேன், யாரு இருந்தாங்க, நீ எங்க நின்னேன்னு ஒண்ணொண்ணா கேப்பா. நான் பதில் சொல்லிகினே இருக்கணும். பனியே இருக்கட்டும். அதுல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

கடைசியாக ஒரு வரி சொன்னார். அடுத்த நாள் காலை வரை உள்ளே இருந்தவள் கதவை விட்டு நகரவில்லை, அவளுக்கும் அதே குளிர் என்று. சொல்லிவிட்டு, "இது உங்க வரிதான், அப்டியே இருக்கு" என்றார். என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வரி எங்கே வழுக்குகிறது, எங்கே அதிகமாகச் சொல்கிறது என்று தெரிந்தது. அதை எடுத்தால் பத்தி நிமிரும். கட்டைவிரல் தானாகவே அழிக்கும் இடத்துக்குப் போனது. அவர் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அழிக்காமலே சேமித்தேன்.

திருத்திய பதிவு குழுவில் மறுபடி மேலே வந்து நிற்கும். பத்து நிமிடத்தில் அறிவிப்பு அதிர்ந்தது. கோவிந்தராஜ் சார். 'கடைசிப் பத்தி' என்ற முதல் இரண்டு சொற்கள் மட்டும் திரையில் தெரிந்தன. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன்னுடையதில் கதையைத் திறந்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் லிங்க்கை அனுப்புவார் என்று காத்திருந்தேன்.

"அனுப்பிச்சா திருப்பி ரெண்டு வருசம் கழிச்சுதான் தொறப்பா" என்றார். "அதுக்குள்ள நீங்க இன்னும் நல்லா எழுதக் கத்துக்கினா?"

அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. "என் நம்பர்னா எடுக்க மாட்டா" என்று சொல்லி, கடைக்காரரின் கைபேசியைக் கேட்டு வாங்கி, ஒரு எண்ணை நினைவிலிருந்தே அழுத்தினார். அதை இடது காதில் வைத்துக்கொண்டு, வலது கையில் தன் கைபேசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கம் யாரோ எடுத்திருக்கவேண்டும். அக்கா தன் பேரைச் சொல்லவில்லை. "கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்" என்று படிக்க ஆரம்பித்தார், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற பிள்ளையைப் போல, ஒவ்வொரு சொல்லாக. சி.டி.எச். ரோட்டில் சிக்னல் விழுந்து, தண்ணீர் லாரியும் இரண்டு பஸ்களும் ஒன்றாக ஹாரன் அடித்தன. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நிழலைவிட்டு வெயிலுக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கழுத்தில் வேர்வை வழிந்தது. அந்தப் பக்கம் கேட்கிறார்களா, வைத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கைபேசியைக் காதோடு அழுத்தியபடி அவர் கத்திக்கொண்டிருந்தார்: "பனி லோகு... பனி கொட்டுதுன்றேன், பூட்ஸு மேல... ஆமா, என்னுதுதான்... இரு, இன்னும் கீது, படிக்கறேன்."